வயல் கேட்க வந்தவர்

டெரிக் கேட்க வந்தது ஒரே ஒரு கேள்வி. இப்போது அவர் கையில் இருந்தது ஓர் ஆட்டின் பின்னங்கால்.

“இறுக்கிப் பிடி தம்பி. உதைச்சா பல்லு போயிடும்” என்றார் பெர்சி, குளம்பை வெட்டிக்கொண்டே.

டெரிக்குக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பது ஆண்டுகள் பஸ் கம்பெனியில் கால அட்டவணை போட்டுவிட்டு ஓய்வு பெற்றவர். பொழுதுபோக்குக்காக, மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை வாங்கினார். இங்கிலாந்தின் சஃபோக் மண்ணில் பழைய ரோமானியர் காசு கிடைக்கும். ஆனால் தேடுவதற்கு வயல்காரரின் சம்மதம் வேண்டும். சம்மதத்துக்கு வாய் திறக்க வேண்டும். அங்கேதான் இடித்தது.

வாய் திறப்பதைவிடச் சுலபம் என்று தம் வீட்டுப் புல்வெளியைத் தோண்டினார். நாற்பத்தொரு குழிகளில் ஆணிகளும் ஒரு பொம்மைக் காரும் கிடைத்தன. அடுத்த குழிக்கு மண்வெட்டியை ஓங்கியபோது மனைவி மேவிஸ் வந்து நின்றாள்.

“விதைப்புக்குள்ள உனக்குன்னு ஒரு வயலைப் பாத்துக்கோ டெரிக். இல்லேன்னா அந்தக் கருவி பழைய சாமான் கடைக்குப் போயிடும். புல்லு மேல சத்தியம்.”

பார்லி அறுவடை முடிந்து மறுபடி விதைக்கும்வரை நாலு வாரம்தான் வயல் சும்மா கிடக்கும். டெரிக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தேவாலயத்தை ஒட்டிய வயலில் ஒரு கிழவர் வேலிக்குக் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார். அவர்தான் பெர்சி.

டெரிக் இறங்கி வானிலையைப் பற்றிப் பேசினார். பெர்சியும் வானிலையைப் பற்றிப் பேசினார். அதுவும் தீர்ந்தது. இருவரும் வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு காக்கை வந்து, நடந்து, சலித்துப் பறந்தது. டெரிக்கால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

“நான் வேணா ஒரு கை பிடிக்கட்டுமா?”

அப்படித் தொடங்கியது. முதல் வாரம் கம்பம். இரண்டாவது வாரம் ஆடு.

“கேட்டியா?” என்றாள் மேவிஸ், அவர் செருப்பைக் கழற்றும் முன்பே.

“நாப்பது ஆடு மேவிஸ். ஒவ்வொண்ணுக்கும் நாலு காலு. நடுவுல எங்க கேக்கறது?”

“சரி, வெறுங்கையோட போகாதே. நான் எலுமிச்சை கேக் செஞ்சு தரேன். தின்னுட்டு, ‘எதுக்குப்பா இதெல்லாம்’னு அவரே கேப்பாரு. பட்டுன்னு சொல்லிடு.”

பெர்சி கேக்கைத் தின்றார். இரண்டாம் துண்டையும் தின்றார்.

“எதுக்குத் தம்பி இதெல்லாம்?”

டெரிக் தொண்டையைச் செருமினார். “வயலைப் பத்தி ஒண்ணு...”

பெர்சியின் தேநீர்க் கோப்பை உதட்டருகே நின்றுவிட்டது. முகம் வெளுத்தது.

“இன்னைக்கு வேண்டாம் தம்பி” என்றார் மெதுவாக. “வாய்க்கால் அடைச்சுக் கிடக்கு. வா, போவோம்.”

மாலையில் இடுப்புவரை சேற்றோடு வந்த கணவரை மேவிஸ் உள்ளே விடவில்லை. தோட்டத்துக் குழாயைத் திறந்து அவர் மேல் பீய்ச்சினாள்.

“பேச வராதுன்னா எழுதிக் கொடேன். முப்பது வருஷம் எழுதித்தானே பிழைச்சே?”

டெரிக் எழுதினார். நாலு முறை அடித்துத் திருத்தி, உறையிலிட்டு, பெர்சியிடம் நீட்டினார்.

“கண்ணாடி கொண்டு வரலை. நீயே படி.”

டெரிக் பிரித்தார். “மதிப்புக்குரிய ஐயா, தங்கள் வயலில்...”

பெர்சி இருமினார். டெரிக்கின் நாக்கு ஒட்டிக்கொண்டது. கண்ணுக்கு எதிரே வயல் வாசலின் மரக்கதவு தெரிந்தது.

“...தங்கள் வயலில் உள்ள கதவு சாயம் போய் நிற்பதைக் கண்டு மிகவும் வருந்துகிறேன்” என்று வாசித்து முடித்தார்.

கதவுக்காகக் கடிதம் எழுதிய ஒரு மனிதரைப் பெர்சி அதுவரை பார்த்ததில்லை. மறுநாள் இரண்டு டப்பா பச்சைப் பெயிண்டோடு காத்திருந்தார்.

“பேசவும் வேண்டாம், எழுதவும் வேண்டாம்” என்றாள் மேவிஸ். “கருவியைக் கையில புடிச்சுக்கிட்டு அவர் முன்னாடி போய் நில்லு. மனுஷனுக்குப் புரியாமலா போயிடும்?”

டெரிக் நின்றார். பெர்சிக்குப் புரிந்தது, அது அவர் கண்ணிலேயே தெரிந்தது. கருவியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பெருமூச்சு விட்டார். பிறகு சாலையின் இருபுறமும் நோட்டம் விட்டார்.

“உள்ள வை தம்பி, உள்ள வை! யாராவது பாத்துடப் போறாங்க.”

அன்று டெரிக் தொழுவத்திலிருந்து சாணம் அள்ளினார்.

நாலாவது வாரம் சனிக்கிழமை. மேவிஸ் கருவியைத் துடைத்து, பழைய சாமான் கடைக்கென்று வாசலிலேயே வைத்துவிட்டாள். டெரிக் அதைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு பறந்தார். அவர் போய்ச் சேரவும், ஒரு டிராக்டர் விதைக்கும் இயந்திரத்தை இழுத்துக்கொண்டு வயலுக்குள் நுழையவும் சரியாக இருந்தது. ஒரு பெண் ஓட்டி வந்தாள். பெர்சி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார்.

இனி வெட்கப்பட நேரமில்லை. டெரிக் கருவியோடு ஓடினார். டிராக்டர் இரைச்சலில் தம் குரல் தமக்கே கேட்கவில்லை. அதனால் நெஞ்சில் இருந்ததையெல்லாம் திரட்டிக் கத்தினார்.

அந்த நொடி பார்த்து அந்தப் பெண் இஞ்சினை நிறுத்தினாள்.

“உங்க வயல்ல நான் தேடலாமா!”

தேவாலயத்துப் புறாக்கள் மொத்தமாக எழுந்து பறந்தன. பெர்சி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். காது மடல்கள் சிவந்திருந்தன.

டிராக்டரிலிருந்து அந்தப் பெண் குதித்து இறங்கினாள். “தேடணுமா? தேடுங்களேன். இன்னைக்கு மெஷினை நிறுத்தி வெக்கத்தான் வந்தேன். ஈரம் காயணும், வியாழக்கிழமைதான் விதைக்கப் போறேன். கிடைச்சதுல பாதி எனக்கு, வழக்கம்போல.”

“ரொம்ப நன்றிங்க” என்றார் டெரிக். “ஆனா ஐயா ஒரு வார்த்தை சொல்லணுமே. வயல் ஐயாவோடதாச்சே.”

அவள் பெர்சியைப் பார்த்தாள். பெர்சி கதவின் பச்சைப் பெயிண்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“இவரோடதா? வயல் என்னோடதுங்க. இவரு மூணு வருஷம் முன்னாடி, இதே மாதிரி ஒரு கருவியைக் காருக்குள்ள ஒளிச்சு வெச்சுக்கிட்டு என்கிட்ட கேக்க வந்தவரு. ‘ஒரு கை பிடிக்கட்டுமா’ன்னு வேலையில இறங்கினாரு, இன்னும் கேக்கலை.”