வேணாம் பாய் வாங்கிய லேப்டாப்

உலகத்திலேயே வியாபாரத்துக்கு விரோதமாகக் கடை நடத்திய ஒரே மனிதர் கூத்தாநல்லூரில்தான் இருந்தார். கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் அவருடைய கம்ப்யூட்டர் கடை. கண்ணாடி அலமாரியில் ஆறு லேப்டாப்கள் இருக்கும். பல வருஷங்களாக அதே ஆறுதான் என்று மருந்துக்கடைக்காரர் சத்தியம் செய்வார். யார் வந்து எதைக் கேட்டாலும் பாய் சொல்கிற முதல் வார்த்தை "வேணாம்". வீட்டில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது, அது ரேஷன் கார்டோடு சரி. ஊருக்கு அவர் வேணாம் பாய்.

சும்மா மறுத்துவிட மாட்டார். அதற்கு முன்னால் ஒரு விசாரணை உண்டு. பழைய நோட்டு ஒன்றையும் பேனாவையும் வந்தவர் முன்னால் தள்ளுவார்.

"நேத்து காலைல எந்திரிச்சதுலேர்ந்து என்னென்ன செஞ்சீங்க, எழுதுங்க. நாளைக்குச் செய்யப்போறத எழுதாதீங்க. நாளைக்குன்னா எல்லாரும் நல்லாத்தான் எழுதுவாங்க."

நேற்று லேப்டாப் இல்லாமல் நின்றுபோன வேலை ஒன்றாவது இருந்தால்தான் பேச்சு மேலே போகும். பெரும்பாலும் இருக்காது. நீடாமங்கலம் பக்கத்து விவசாயி ஒருவர், ஆற்றில் தண்ணீர் எப்போது வரும் என்று பார்க்க ஒரு லேப்டாப் கேட்டார்.

"நேத்து எப்படிப் பார்த்தீங்க?"

"மதகு தொறந்துவிடற வாய்க்கால் லஸ்கருக்கு போன் போட்டேன் பாய்."

"எடுத்தாரா?"

"எடுத்தாரு."

"அப்ப வேணாம். எடுக்கலன்னா வாங்க. அப்பவும் லேப்டாப் தர மாட்டேன், லஸ்கர்கிட்ட நானே பேசறேன்."

மாப்பிள்ளைக்குச் சீர் கொடுக்க லேப்டாப் கேட்டு வந்த குடும்பத்திடம், மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று விசாரித்தார். துபாயில் சமையல் வேலை என்றார்கள். "அப்ப நல்லதா ஒரு மிக்ஸி வாங்கிக் குடுங்க" என்று எதிர்க்கடைக்குத் தானே கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார். இவ்வளவுக்குப் பிறகும் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது ரிப்பேர் வேலையாலும், பிரின்டருக்கு மை ரொப்பும் வேலையாலும்தான். வாங்காதே என்று சொல்கிற ஆள் ரிப்பேரில் ஏமாற்ற மாட்டார் என்று ஊர் நம்பியது.

நானும் அவரிடம் அவமானப்பட்டவன்தான். பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதிப் பிழைக்கிறவன். திருவாரூரிலிருந்து என் பழைய லேப்டாப்பின் உடைந்த கீலை மாட்டிக்கொள்ள அடிக்கடி அவரிடம் போவேன். ஒரு ஆடி மாதம், தஞ்சாவூர்க் கடை ஒன்றின் தள்ளுபடி விளம்பரத்தைப் பத்திரிகையிலிருந்து கத்தரித்து எடுத்துக்கொண்டு போனேன். ஆர்ம் சிப் வைத்த லேப்டாப், கிட்டத்தட்ட பாதி விலை. பாய் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"செல்போன்ல இருக்கற வகை சிப்பு சார் இது. நல்லதையும் சொல்லணும்ல. ஒரு தடவை சார்ஜ் போட்டா நாள் பூரா ஓடும். சூடாவாது. ஃபேன் கத்தாது. கையில வெயிட்டே தெரியாது. மூடி வெச்சா நாள் கணக்குல சார்ஜ் எறங்காதுன்னு போட்டிருக்கான், அத மட்டும் நான் நம்ப மாட்டேன்."

"கெட்டது?"

"அதோட பாஷை வேற. நம்ம பழைய சாஃப்ட்வேருக்கு அது புரியாது. நடுவுல ஒரு துபாஷிய வெச்சுத்தான் ஓட்டுவான். துபாஷி வெச்சு சம்பந்தம் பேசலாம், குடித்தனம் பண்ண முடியுமா? சிலதுக்கு துபாஷியும் ஒதவாது. உங்க பழைய பிரின்டர், தமிழ் அடிக்கறதுக்கு நாம போட்டிருக்கோமே அந்தப் பழைய கீபோர்டு சாஃப்ட்வேர், ரெண்டும் அதுல ஏறவே ஏறாது. சும்மா எவனும் பாதி வெலைக்குத் தர மாட்டான்." பிறகு நோட்டைத் தள்ளினார். "அது கெடக்கட்டும். நேத்து எவ்வளவு எழுதினீங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. நாலு வரி என்று எழுதினேன்.

"நாலு வரிக்குப் புது மெஷினா? வேணாம்."

அன்றைக்கே அவர் குரல் கரகரத்துத்தான் இருந்தது. மை தூள் என்றார். ஆவணியில் அது தேய்ந்து, புரட்டாசியில் காற்றும் கரகரப்புமாக ஆனது. சவுதியில் ஏசி மெக்கானிக்காகப் பதினோரு வருஷம் இருந்தவர். அங்கே ஊதித் தள்ளிய சிகரெட்டெல்லாம் வேலையைக் காட்டிவிட்டது. தஞ்சாவூரில் டாக்டர் சொன்னது இரண்டே வாக்கியம். தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை எடுத்துவிட வேண்டும், அதற்கப்புறம் பேச்சு வராது.

தீபாவளிக்கு முந்திய வாரம் அவரிடமிருந்து போன் வந்தது. காதில் போனை அழுத்திப் பிடித்தால்தான் கேட்டது.

"சார், அந்த விளம்பரத்த வெச்சிருக்கீங்களா?"

போனேன். அதே லேப்டாப் தீபாவளித் தள்ளுபடியில் இன்னும் விலை இறங்கியிருந்தது. பாய் கணக்கை நேராக வைத்தார். ஆபரேஷனுக்கு அப்புறம் தமிழில் டைப் அடித்து, அதைக் கம்ப்யூட்டரை வாசிக்கவிட்டுத்தான் அவர் பேச வேண்டும். நோட்டில் எழுதிக் காட்டினால் போனில் கேட்காது, அவர் கையெழுத்தும் அவரைத் தவிர யாருக்கும் புரியாது. மன்னார்குடியில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர். பழைய தட்டச்சு முறையில் விசைப்பலகையைப் பார்க்காமல், எதிராளி பேசி முடிப்பதற்குள் பதிலை அடித்துவிடுவார். செல்போனில் ஒற்றை விரலால் கொத்துவது அவருக்கு ஆகாது. அவருடைய பழைய லேப்டாப்பில் அந்தப் பத்து விரல் வேகம் உண்டு, ஆனால் பேட்டரி இரண்டு மணி நேரம்தான், அதுவும் தூக்க முடியாத கனம். தள்ளுபடி லேப்டாப் நாள் முழுக்க ஓடும், மெலிந்த கையாலும் தூக்கலாம், ஆனால் அதில் அவர் விரல்கள் அறிந்த முறை ஏறாது. வேறு விசை அமைப்பை அறுபத்திரண்டு வயதில் அரிச்சுவடியிலிருந்து கற்க வேண்டும். வேகமும் பேட்டரியும் சேர்ந்த மெஷின் ஒன்று இருந்தது, அதன் விலைக்கு ஆபரேஷனே இன்னொன்று செய்துகொள்ளலாம்.

"அதாவது சார்," என்றார், "நாள் பூரா மெதுவாப் பேசறதா, ரெண்டு மணி நேரம் வேகமாப் பேசறதா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரே நோட்டைத் தன் பக்கம் இழுத்து, முதல் தடவையாகத் தன்னுடைய நேற்றை எழுதினார். எழுதி முடித்து எனக்குப் படித்துக் காட்டினார். சுபுஹ் தொழுகை, சத்தம் தேவையில்லை. கடையில் வேணாம் சொன்னது, இருபத்தேழு தடவை. மஸ்கட்டிலிருந்து மகள் போன், பத்து நிமிஷம். ஜெமீலாவோடு சண்டை, காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று.

"வேணாம்ங்கறத எவ்வளவு மெதுவாச் சொன்னாலும் வேணாம்தான். மக பொறுத்துக்குவா. சண்டைதான் இடிக்குது. சண்டைக்கு வேகம் வேணும்ல?"

கடைக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து காபி கொண்டுவந்த ஜெமீலா அக்கா, அவர் மனைவி, தம்ளரை ஓசையோடு வைத்தார்.

"முப்பத்தாறு வருஷமா நான் ஒரு வார்த்தை சொல்ல எடம் குடுத்தீங்களா? மெதுவாவே பேசுங்க. நீங்க ஒரு வரி அடிக்கறதுக்குள்ள நான் ஒல வெச்சு எறக்கிட்டு வந்து பதில் சொல்றேன்."

பாய் தோள் குலுங்கச் சிரித்தார், சத்தம் வரவில்லை. அக்கா உள்ளே போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை.

பாய் என் பக்கம் திரும்பினார். "நெசத்தச் சொல்லுங்க சார். நான் ஒவ்வொரு எழுத்தாத் தேடி அடிக்கற வரைக்கும் ஆளுக காத்திருப்பாங்களா?"

அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அதற்கு என்னிடம் இருந்த விடை நேற்றைக்கு உரியது அல்ல, நாளைக்கு உரியது. அவர் நோட்டில் அதற்கு இடமே இல்லை. ஆனாலும் தாராளமாகச் சொன்னேன்.

"மெதுவா அடிங்க பாய், நாங்க இருக்கோம்."

அதை நம்பி வாங்கினார். வேணாம் பாய் லேப்டாப் வாங்கிவிட்டாராம் என்று கூத்தாநல்லூரே கூடிவிட்டது. ஜவுளிக்கடைக்காரர் கடையைப் பாதி சாத்திவிட்டு வந்து பார்த்தார். "நேத்து என்ன செஞ்சீங்க பாய்?" என்று யாரோ கூட்டத்திலிருந்து கேட்க, அத்தனை பேரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஆபரேஷனுக்கு மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரமும் புது விசைகளோடு மல்லுக்கட்டினார். விரல்கள் பழைய இடத்துக்கே ஓடின. 'ஜெமீலா' என்று அடித்தால் திரையில் எந்தப் பாஷையிலும் இல்லாத ஒன்று வந்து நிற்கும். தன் விரலையே தானே அடித்துக்கொள்வார்.

கார்த்திகையில் குரலை எடுத்தார்கள். கழுத்தில் ஒரு துளையோடு வீட்டுக்கு வந்தார். அந்த வாரமே புயல் மழை, கம்பங்கள் சாய்ந்து மூன்று நாள் கரண்ட் இல்லை. ஊரில் செல்போன்கள் எல்லாம் செத்துக் கிடந்தபோது பாய் மட்டும் பேசிக்கொண்டிருந்தார். வாங்கியது சரிதான் என்று எனக்குக்கூட ஒரு பெருமை. லேப்டாப் வாசித்தது ஒரு பெண் குரலில். செய்தி வாசிப்பதுபோல, ஒவ்வொரு எழுத்தையும் சுத்தமாக, "வேணாம்" என்று அது சொல்லும்போது யாரோ படித்த மருமகள் சொல்வது மாதிரி இருக்கும். "இந்த வயசுல வீட்டுக்குள்ள இன்னொருத்தியக் கொண்டாந்துட்டீங்களே" என்று அக்கா அலுத்துக்கொள்வார்.

முதல் மாதம் எல்லோரும் காத்திருந்தார்கள். பாய் ஒரு வாக்கியம் அடிக்க இரண்டு நிமிஷம் ஆகும். கடைக்கு வந்தவர்கள் கைகட்டி, மூச்சுவிடாமல் நிற்பார்கள். தை பிறந்து அறுப்பு தொடங்கியதும் ஊருக்கு வேலை வந்துவிட்டது. பாய் இரண்டு எழுத்து அடிப்பதற்குள், "வேணாமா பாய்? சரி சரி" என்று எழுந்து போனார்கள். அவர் சொல்ல வந்தது பல சமயம் அதுவே அல்ல. சார்ஜரை மாற்றச் சொல்லி எச்சரிக்க அவர் அடித்துக்கொண்டிருந்தபோது கிளம்பிப்போன ஒருவர், மறுநாள் கருகிய லேப்டாப்போடு வந்தார். ஆள் போனதும் பாய் பாதி வாக்கியத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிறகு ஒவ்வொரு எழுத்தாக அழிப்பார். பேட்டரி மட்டும் எப்போதும் எழுபது, எண்பது சதவீதம் மிச்சம் இருக்கும். பேச நாள் முழுக்க நேரம் இருந்தது, கேட்கத்தான் ஆள் இல்லை.

நான் அப்படி இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாசியில் ஒரு சாயங்காலம் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ரொம்ப மெலிந்திருந்தார். நோய் திரும்பிவிட்டது என்று அக்கா வாசலிலேயே காதோடு சொல்லியிருந்தார். எனக்கு ஐந்து நாற்பது பஸ். நான் செருப்பை மாட்டும்போது பாய் லேப்டாப்பைத் திறந்து, ஏதோ அடிக்கத் தொடங்கினார். ஒரு விசை. தேடல். இன்னொரு விசை. தெருமுனையில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

"நாளைக்கு வந்து கேட்டுக்கறேன் பாய்," என்றேன். அவர் தலை நிமிராமல் ஒரு கையை மட்டும் தூக்கினார். போகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தேன், ஜன்னலோரம் இடம்கூடக் கிடைத்தது.

மறுநாள் நான் போகவில்லை. கட்டுரை கொடுக்க வேண்டிய நாள். அதற்கு மறுநாள் விடியற்காலையில் அவருக்கு மூச்சு திணறி தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் லேப்டாப்பை அனுமதிக்கவில்லை. நான்கு நாள் ஒரு வார்த்தை இல்லாமல் இருந்துவிட்டுப் போய்விட்டார்.

ஏழாம் நாள் பாத்திஹாவுக்குப் போனேன். ஓதி முடித்து ஆட்கள் கலைந்தபின் ஜெமீலா அக்கா அந்த லேப்டாப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"நீங்க அன்னிக்குப் போனப்பறமும் அடிச்சுக்கிட்டே இருந்தாரு தம்பி. அப்பறம் மூடி வெச்சாரு. நானும் தொறக்கல. உங்களுக்குன்னுதான் அடிச்சாரு, நீங்களே பாருங்க."

திறந்தேன். பன்னிரண்டு பதின்மூன்று நாள் மூடிக் கிடந்த மெஷின் உடனே விழித்துக்கொண்டது. அறுபத்தொரு சதவீதம். விளம்பரத்தில் பாய் நம்ப மறுத்த அந்த ஒரே விஷயமும் உண்மையாகத்தான் இருந்தது. திரையில் மூன்று வரி. வாசிக்கும் பொத்தானை அழுத்தினேன். அந்தப் பெண் குரல் சுத்தமாக, நிதானமாகச் சொன்னது:

"இந்த பஸ்ஸுக்குப் போக வேணாம். அடுத்த பஸ்ஸுக்குப் போங்க. விஷயம் ஒண்ணும் இல்ல, சும்மா கொஞ்ச நேரம் இருங்க."

வாழ்நாளெல்லாம் ஊருக்கே வேணாம் என்று சொன்னவர், தனக்காக ஒரே ஒரு வேணாம் சொல்லியிருக்கிறார். எழுத்தெழுத்தாகத் தேடி அடித்திருக்கிறார். அதைக் கேட்க நான் இருக்கவில்லை. அக்காவின் முன்னால் வெட்கமில்லாமல் அழுதேன்.

ஐந்து நாற்பது பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அடுத்ததும் போனது. நான் லேப்டாப்பை மூடாமல் அவர் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன்.

மெதுவா அடிங்க பாய், நான் இருக்கேன்.