அத்தைக்கு எடுத்து வைத்த முட்டைகள்

குனிய முடியாதவள் கட்டிலுக்கு அடியிலிருந்து எதையும் காலால் இழுக்கக் கூடாது. இதை ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லித் தரவில்லை. நானாகக் கண்டுபிடித்தேன்.

சிசேரியனுக்குப் பிறகு எருமப்பட்டியில் அம்மா வீட்டில் இருந்தேன். வயிற்றுத் தையல்கூட ஆறிவிட்டது, முதுகுவலிதான் விடவில்லை. "முதுகுல ஊசி போட்டாங்கல்ல, அதுதான்" என்று பார்க்க வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். பிசியோதெரபி டாக்டரம்மா மட்டும் நான் பால் கொடுப்பதைக் கவனித்துவிட்டு, "ஊசி மேல பழி போடாதீங்க. புள்ளைகிட்ட நீங்க குனியாதீங்க. தலகாணி வெச்சுப் புள்ளைய உங்ககிட்ட தூக்குங்க. முதுகுக்குச் சாய்மானம் வேணும், காலும் தொங்கக் கூடாது" என்றார். (வீட்டுக்கு வந்தபின், அவர் சொன்னதைச் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று அவருக்கே போன் செய்து கேட்டேன்.)

அதற்குள் என் மாமியாருக்குச் செய்தி போய்விட்டது. "வலியோட எதுக்குக் கண்ணு அவதி? பவுடர் பால் வாங்கியாரேன்" என்றார் போனில். பாசம்தான். ஆனால் தாய்ப்பாலை நிறுத்த எனக்கு மனமில்லை. மறுத்துச் சொல்லத் தைரியமும் இல்லை. ஒரே வழி, அவர் வரும்போது மகாராணி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து பால் கொடுத்துக் காட்டுவது.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் கார் சத்தம் கேட்டது. கட்டிலில் சுவரோரம் சாய்ந்து, தலையணைகளை அடுக்கி, மகளை மடியில் ஏற்றினேன். கால் மட்டும் அந்தரத்தில் தொங்கியது. எங்களுடையது கோழிப்பண்ணை வீடு; கட்டிலடியில் காலி முட்டை அட்டைகள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். காலாலேயே துழாவி அட்டைக்கட்டு ஒன்றை இழுத்தேன். (கனமாகத்தான் இருந்தது. ஆடாமல் நிற்குமே என்று சந்தோஷப்பட்டேன்.) இரண்டு பாதங்களையும் அழுத்தி ஊன்றினேன்.

நொறுக்.

விரல் இடுக்கெல்லாம் கொழகொழவென்று ஏறியது. சம்பந்தி வீட்டுக்கென்று அப்பா எடுத்து வைத்த முட்டைகள்! மேலே மூடியாகக் காலி அட்டையைப் போட்டுக் கட்டியிருந்தார். எழலாம் என்றால் மகள் அப்போதுதான் ஒழுங்காகக் குடிக்க ஆரம்பித்திருந்தாள்.

அத்தை உள்ளே வந்தார். நான் மகாராணியாகச் சிரித்தேன். அவர் பார்வை, என் காலடியில் ஈரம் பரவிக்கொண்டிருந்த தரைக்கு இறங்கியது.

"ஐயோ சாமி! தையல் உட்டுப்போச்சா! சம்மந்தி, வண்டிய எடுக்கச் சொல்லுங்க!"

"இல்லைங்க அத்தை... முட்டைங்க."

"என்னது?"

"உங்களுக்கு எடுத்து வெச்சதுங்க."

அத்தை என்னைப் பார்த்தார், முட்டையைப் பார்த்தார். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் எழப் பார்த்தேன். "அசையாத, புள்ள குடிக்கட்டும்" என்று அதட்டிவிட்டு, ஈரத்துணியோடு தரையில் உட்கார்ந்து என் பாதங்களைத் துடைக்க ஆரம்பித்தார். மாமியார் என் காலைத் தொடுகிறார்! வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தால் அழுகைதான் வந்தது.

"வலிக்குதா சாமி?"

"வலிக்குதுங்க. ஆனாலும் நானே பால் குடுக்கறேனுங்க அத்தை."

நிமிர்ந்து பார்த்தார். "இதச் சொல்றதுக்கு எதுக்குக் கண்ணு இத்தன முட்டைய ஒடச்ச?"

பவுடர் பால் டப்பா பிரிக்கப்படாமலே கடைக்குத் திரும்பியது. கால் வைத்துக்கொள்ள ஒரு மரப்பலகை வந்தது. வலி உடனே போய்விடவில்லை. மெல்ல மெல்லக் குறைந்தது.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். போன வாரம் அவளுடைய டீச்சரிடம் ஏதோ கேட்க வேண்டி, கேட்கலாமா வேண்டாமா என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன்.

"கேட்டுருங்கம்மா" என்றாள், அந்தக் கதையை அடிக்கடி சொல்லும் என் அத்தையின் குரலிலேயே. "எதுக்கு முட்டைய ஒடைக்கறீங்க?"