பதின்மூன்றாவது மணி

பன்னிரண்டு மணிக்குப் பன்னிரண்டு அடி அடித்துவிட்டு ஓய்ந்திருக்க வேண்டிய கோயில் மணி, பதின்மூன்றாவது அடியையும் அடித்தது.

சபை அலுவலகத்தில் லேப்டாப் முன் உட்கார்ந்திருந்த ஷிஜி விரலை மடக்கி எண்ணத் தொடங்கினாள். கோபுரத்து மணிக்கு மோட்டார் வைத்து, தானாக அடிக்கும்படி புரோகிராம் எழுதியவள் அவள்தான். வீட்டில் கம்ப்யூட்டர் வாங்க வழியில்லாத நாட்களில் இந்தச் சபை ஹாலில் கிடந்த ஒற்றைக் கம்ப்யூட்டரில் படித்துத்தான் திருவனந்தபுரத்தில் வேலைக்குப் போனாள். அந்த நன்றிக்குச் செய்து கொடுத்தது. இன்றுதான் முதல் நாள்.

பதினேழு. பதினெட்டு.

"இன்னும் எத்தன அடிக்கும் மக்கா?" என்று எட்டிப் பார்த்தார் போதகர் ஜெயதாஸ்.

"லூப்புல மாட்டிட்டு ஐயா. பன்னிரண்டு ஆனா வெளிய வரணும். வராம உள்ளயே சுத்திட்டுக் கெடக்கு."

புரோகிராமை நிறுத்தக் கண்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்தினாள். மணி நின்றது.

"ஸ்தோத்திரம்!" என்றார் போதகர்.

அவர் வாய் மூடுவதற்குள் மணி மறுபடி தொடங்கியது. முன்னைவிட வேகமாக.

ஷிஜி எழுதியதை வரி வரியாகப் பார்த்தாள். 'வெளியே வா' என்னும் வரி இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. போதாது போலிருக்கிறது என்று இன்னொன்றையும் சேர்த்து ஓட்டினாள். இப்போது ஓர் அடியின் மேல் இன்னோர் அடி விழுந்து, கோபுரமே அதிர்ந்தது. எதிரே இருந்த தேங்காய்ப்பட்டறை வேலையாட்கள் வேலையை விட்டு வெளியே வந்துவிட்டார்கள்.

நிற்காமல் மணி அடித்தால் சாவு என்பது ஊர் வழக்கம். சாயாக்கடை ஓமனா ஓடி வந்தாள். "ஐயா, ஆரு செத்தது?"

"ஆரும் சாவல்ல."

"அய்யோ! இடுப்பு ஆபரேஷன் செய்து கிடக்குத நம்ம நர்ஸ் சுகிர்தபாய் போயாச்சுன்னு நான் பத்துப் பேருக்கு போன் செய்திட்டேனே!"

ஷிஜி லேப்டாப்பை மூடினாள். அலுவலகச் சுவரில் இருந்த மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதற்குள் வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. வாக்கரை ஊன்றிக்கொண்டு இறங்கினாள் சுகிர்தபாய்.

"எனக்க முற்றத்தில நாப்பது பேரு நிக்கினும். நாலு பேரு அழுதும் போட்டினும். எனக்க மேல இத்தன பேருக்குப் பிரியம் உண்டுன்னு இப்பமாக்கும் தெரிஞ்சது. ஆருடே இத செய்தது?"

எல்லாரும் ஷிஜியைப் பார்த்தார்கள்.

"நீ நல்லா இருப்பே மோளே!" என்று சுகிர்தபாய் அவள் கன்னத்தைத் தடவினாள். அதைத்தான் ஷிஜியால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஓடிப்போய்க் கோயிலின் மெயின் ஃபியூஸையே பிடுங்கினாள். மின்விசிறிகள் நின்றன. உள்ளே பாட்டுப் பழகிக்கொண்டிருந்த பாடகர் குழுவின் கீபோர்டு ஊமையானது. மணி மட்டும் நிற்கவில்லை.

கரண்டே இல்லாமல் ஒரு லூப் ஓடுமென்று அவள் எந்த வகுப்பிலும் படித்ததில்லை. கூட்டத்தில் இரண்டு பேர் முழங்காலிட்டுவிட்டார்கள்.

"ஐயா, எனக்கு இத நிறுத்தத் தெரியல்ல," என்றாள். கண் நிறைந்துவிட்டது. "எனக்குப் படிப்பு தந்த இடத்துக்கு நல்லது செய்யணும்னு வந்தேன்."

"அதுக்கு ஏன் மக்கா அழணும்? ஊரையே ஒண்ணா வரவச்சிட்டியே," என்றார் போதகர்.

அப்போது மணி நின்றது.

கோபுரத்தின் கதவு திறந்தது. மோட்டார் வருவதற்கு முன் தினமும் மணியடித்துவந்த பொன்னுதாஸ், வேர்வையில் தொப்பலாக நனைந்த சட்டையோடு, கயிறு உரசிச் சிவந்த கைகளை ஊதிக்கொண்டு வெளியே வந்தார்.

"எலே பொன்னுதாஸ், நீயா அடிச்சே?" என்றார் போதகர்.

அவர் கைகூப்பினார். "பொறுத்துக்கணும் ஐயா. நெய்யாற்றின்கரை ஆசுபத்திரியில இருந்து பன்னிரண்டு அடிக்கும்போ போன் வந்தது. கல்யாணம் முடிஞ்சு பதினொண்ணு வருசம் கழிச்சு எனக்க மோளுக்குப் பிள்ள பிறந்திருக்கு. நன்றி சொல்லக் கயிற்றப் பிடிச்சேன், நடுவில ஒருக்கா மூச்சு வாங்கினேன், பின்ன எத்தனையில நிறுத்தணும்னு தெரியல்ல."