விட்டேத்தி

மயிலத்திலிருந்து திண்டிவனம் போகும் சாலையில் வேகமாக நடந்துகொண்டிருந்தேன். ஓடினால் யாராவது ஏன் என்று கேட்பார்கள், அதனால் நடை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டோ ஐம்பத்தொன்பதோ, பங்குனி வெயில். வேலையைப் பாதியில் விட்டு நழுவுவது எனக்குப் புதிதல்ல. நாலாங்கிளாஸையே அப்படித்தான் முடித்தேன்.

பின்னால் வந்த மாட்டுவண்டிக்காரர், "ஏறிக்க தம்பி" என்றார். ஏறியதும், காலையிலிருந்து மனசில் கிடந்ததைக் கேட்டேன்.

"விட்டேத்தின்னா இன்னாங்க?"

"யார் சொன்னா?"

"கன்னியம்மான்னு ஒருத்தங்க. அவங்க கழனிக்குத் தண்ணி பாய்ச்ச கூலிக்குப் போனேன். 'ஊர் ஊரா சுத்திக்கினு விட்டேத்தியா கீறியே'ன்னாங்க." (பாராட்டு என்று நினைத்துப் பல்லைக் காட்டியிருந்தேன்.)

"எல்லாத்தையும் விட்டவன்னு அர்த்தம். ஒட்டு இல்ல, உறவு இல்ல, கேக்க ஆள் இல்ல. முன்ன சாமியாருங்களத்தான் சொல்லுவாங்களாம்."

எனக்கு முதுகு நிமிர்ந்தது. "அப்ப நல்ல வார்த்தைதான்!"

"சாமியாரு சொல்லிக்கினு கிளம்புவான். சொல்லாம கிளம்பறவங்களாலதான் வார்த்தை கெட்டுப்போச்சு." திரும்பிப் பார்த்தார். "அது யாரோட மம்பட்டி?"

அப்போதுதான் நானும் என் தோளைப் பார்த்தேன். கன்னியம்மாவுடைய மண்வெட்டி.

உண்மையைச் சொன்னேன். மரத்தடியில் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது வாய்க்கால் கரை உடைந்து, தண்ணீர் களத்துப் பக்கம் கசிந்துகொண்டிருந்தது. களத்தில் விதைக்கு வைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காய்ந்துகொண்டிருந்தது. அவர்களுக்கிருந்த விதையே அவ்வளவுதான். நனைந்தால் அடுத்த போகத்துக்கு ஒன்றுமில்லை.

"உடைப்ப அடைச்சியா?"

"இல்லீங்க."

"அடப்பாவி, இறங்குடா!"

(என் வீட்டில் நான் செருப்பை மாட்டினாலே இன்றும், "உடைப்ப அடைச்சியா?" என்றுதான் கேட்கிறார்கள்.)

இந்தமுறை ஓடினேன். தண்ணீர் களத்து ஓரத்தைத் தொட்டிருந்தது. நாலு வெட்டு மண் போட்டேன், நாலும் கரைந்தன. வேறு வழியில்லாமல் உடைப்பில் நானே உட்கார்ந்தேன். தண்ணீர் நின்றது.

கூழ்ச் சட்டியோடு கன்னியம்மா வந்தார். "இன்னாடா, எருமையாட்டம்?"

"கரை உடைஞ்சிடுச்சும்மா. பயந்து ஓடிட்டேன். திரும்பி வந்துட்டேன்."

அவர் களத்துக்கு ஓடிப்போய் மல்லாட்டையை அள்ளி அள்ளிப் பார்த்தார். ஓரமாக ரெண்டு முறம்தான் நனைந்திருந்தது. நெஞ்சில் கைவைத்து மூச்சுவிட்டார். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

"அசையாம குந்து. புல்லுக்கரணை வெட்டியாறேன், வேரும் மண்ணுமா வெச்சாதான் அடைப்பு நிக்கும். உனக்குத் தோதான வேலை இதான்."

மறுநாள் காலை அதே களத்தில் வேலைக்குச் சேர்ந்தேன்: ஈர மல்லாட்டையைக் கிளறிவிட்டுக் காக்காய் ஓட்டுவது. நான் இருக்கிறேனா, நழுவிவிட்டேனா என்று கன்னியம்மா கழனியிலிருந்து அடிக்கடி, "டேய், கீறியா?" என்று குரல் கொடுப்பார். "கீறேம்மா" என்று நான் பதில் சொல்லவேண்டும். அதுவும் வேலையில் சேர்த்தி.