மகளின் ஆய்வுக்கு நான் அடித்த சுண்ணாம்பு

நான்கு பேர் சேர்ந்து நின்றாலே என் பேச்சு வயிற்றுக்குள் போய்விடும். (ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டதற்கும் இதையே காரணமாகச் சொல்லி வருகிறேன். உண்மைக் காரணம் கணக்கு.) அப்படிப்பட்ட நான், ஒரு பல்கலைக்கழக விரிவுரையாளரைத் தலைமுதல் கால்வரை நனைத்திருக்கிறேன்.

என் மகள் கௌசல்யா சமூகக் கொள்கையும் அரசியலும் படித்தாள். அது என்ன படிப்பு என்று கேட்டேன்.

"நம்ம கூரை ஏன் ஒழுகுதுன்னு படிக்கிறதுப்பா."

தகரத்தில் ஓட்டை இருக்கிறது, அதனால் ஒழுகுகிறது. இதற்கு நான்கு வருடமா என்று நினைத்தேன், கேட்கவில்லை.

கடைசி வருட ஆய்வுக்கு, லிந்துலைப் பக்கமுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்து லயங்களையே, நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளையே, எடுத்துக்கொண்டாள். அவள் எழுதியது சரிதானா என்று பார்க்க, யாழ்ப்பாணத்து விரிவுரையாளர் ஒருவர் அவளோடு நேரில் வருவதாக ஏற்பாடு. அவர் ஒத்துக்கொண்டால்தான் பட்டம்.

துரை வந்தாலும் மந்திரி வந்தாலும், முதல் நாள் லயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பது தோட்டத்து வழக்கம். மகளின் மானத்தைக் காப்பாற்றியே தீருவது என்று நானும் இறங்கினேன். சுவருக்குச் சுண்ணாம்பு. பக்கத்து வீட்டு மாரியின் சோபா. கூரைக்குக் கீழே இழுத்துக் கட்டிய தறப்பாள். அது தெரியாமலிருக்க அதற்கும் கீழே ஒரு வெள்ளை விரிப்பு. இரண்டு நாள் மழையில் தறப்பாளில் தண்ணீர் தேங்கி, விரிப்பும் நடுவில் தொய்ந்து தொங்கியது. கல்யாணப் பந்தல்போல இருப்பதாகப் பெருமைப்பட்டேன்.

வாசலில் நுழைந்ததும் மகளின் முகம் என் சுவரைவிட வெளுத்தது. கூட வந்த விரிவுரையாளர் மிஸ் சோபாவில் உட்கார்ந்தார்.

"ஐயா, மழைக்கு வீடு ஒழுகுறதோ?"

பெரியவர்கள் கேட்டால் எங்களுக்கு ஒரே பதில்தான் பழக்கம்.

"ஒரு குறையும் இல்லீங்க மிஸ்."

அவர் மகளிடம் திரும்பினார். "நீர் எழுதினதுக்கும் இந்த வீட்டுக்கும் தொடர்பே இல்லையே. தலைப்பை மாத்தவேண்டி வரும்."

மகள் கையிலிருந்த தாள்களைச் சுருட்டியபடி நின்றாள். எனக்குத் தாங்கவில்லை. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. அதற்காக விட்டுவிடுவதா? மூலையில் இருந்த குடையை எடுத்தேன். "அப்பா, வேணாம்" என்று அவள் சொல்வதற்குள் விரிப்பைப் பார்த்து ஒரே குத்து.

இரண்டு நாள் மழையும் மொத்தமாகச் சோபாவில் இறங்கியது. மிஸ் அங்கேதான் இருந்தார்.

"இப்படித்தாங்க மிஸ் ஒழுகும்" என்றேன்.

மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தகர ஓட்டை வழியே தெரிந்த வானத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதை எழுதும்" என்றார் மகளிடம். "ஆர் வந்தாலும் சுண்ணாம்பு அடிச்சு மறைக்கிறதையும் எழுதும்."

மகளுக்குப் பட்டம் கிடைத்தது. (சோபா இன்னும் முழுதாகக் காயவில்லை என்கிறான் மாரி.) இப்போது ஹட்டனில் நடக்கும் வீட்டுரிமைக் கூட்டங்களுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போகிறாள். லயங்களில் குறையில்லை என்று எந்த அதிகாரியாவது சொன்னால், பின்வரிசையில் வாய்மூடி இருக்கும் என்னைத் திரும்பிப் பார்ப்பாள்.

"அப்பா, கொட கொண்டாந்தீங்களா?"

வெயில் நாளிலும் கொண்டுதான் போகிறேன்.