நுரைக்காரரும் சுதைக் கடாவும்

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் அவர் ஆசிட் சொட்டு விடாத சுவரே கிடையாது. இருந்தால் அது நேற்றுக் கட்டியதாக இருக்கும். அதற்கும் நாளைக்கு வந்துவிடுவார்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மாடி அறை. பழைய கட்டடங்களின் கல்லையும் சுண்ணாம்புக் காரையையும் சோதித்துச் சொல்வது அவர் தொழில். சட்டைப்பையில் மற்றவர்கள் பேனா வைக்கும் இடத்தில் சின்ன ஆசிட் பாட்டில் வைத்திருப்பார். ஒரு சொட்டு விடுவார். நுரைத்தால் சுண்ணாம்பு. உடனே முகம் பூரித்துவிடும். அதனால் எங்கள் கொத்தனார்கள் வைத்த பெயர் நுரைக்காரர். சொந்தப் பெயர் ரிப்போர்ட்டின் அடியில் கையெழுத்தாக மட்டும் இருந்தது. அதையும் ஒருவராலும் படிக்க முடியாது.

என் மகள் கல்யாணத்துக்கு வந்தவர் பந்திக்குப் போகும் வழியில் மண்டபத் தூணில் ஒரு சொட்டு விட்டார். மேனேஜர் அலறிக்கொண்டு ஓடி வந்தார்.

"யோவ், இட்டாலியன் மார்பிள்யா!"

"மார்பிள்னா நுரைக்கோணுமுங்க. இது கம்முனு இருக்குது. ஆரோ உங்கள நல்லா ஏமாத்திப்போட்டாங்க சாமி."

எங்கள் ஊர் வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், ஆசிட்டைச் சூடாக்கினால்தான் நுரைக்கும். அதற்காக டீக்கடைக்காரரின் கொதிக்கும் தண்ணீரில் பாட்டிலை இறக்கியவர் இவர். "ஐயோ, அது டீத்தண்ணிங்க!" என்று கடைக்காரர் கத்தினார். "மூடி இறுக்கமாத்தான் இருக்குதுங்க, பயப்படாதீங்க" என்றார். அன்று அந்தக் கடையில் ஒருவரும் டீ குடிக்கவில்லை.

நான் காண்ட்ராக்டர். வெண்ணந்தூர் பக்கம் ஒரு பழைய மண்டபத்துக்குப் பூச்சு வேலை எடுத்தேன். சுவரில் சுதையால் செய்த ஒரு ஆட்டுக்கடா. கொம்பும் திமிருமாக அச்சு அசல் சண்டைக் கடா. நுரைக்காரருக்கு அதன்மேல் அப்படியொரு பிரியம். சோதனைக்கான மாதிரியை எப்போதும் அவரேதான் எடுப்பார். அந்த முறை கால் பிசகிப் படுத்திருந்தார். உளியை என் கையில் கொடுத்தார்.

"மழ படாத எடமாப் பாருங்க. ரெண்டு வெரக்கடை ஆழத்துல எடுக்கோணும். மேலாப்புல சொரண்டிக் குடுத்துறாதீங்க சாமி."

சுண்ணாம்பு என்றால் வாரக்கணக்கில் ஊறவைத்து அரைக்க வேண்டும். எனக்கு நாமக்கல்லில் அடுத்த வேலை காத்திருந்தது. மழைத்தண்ணீர் வடியும் தூம்பு ஓரம் எவனோ முன்பு ஒட்டுப்போட்ட இடம் ஒன்று இருந்தது. அது சிமெண்ட் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே அதில் ஒரு துண்டை உடைத்துக் கொடுத்தேன். "மாதிரியில் சிமெண்ட் உள்ளது" என்று அவர் எழுதினார். மண்டபக் கமிட்டியிடம் அதைக் காட்டி, பழைய பூச்சே சிமெண்ட்தான் என்று சொல்லி, மண்டபம் முழுக்கச் சிமெண்டைப் பூசிவிட்டு நடையைக் கட்டினேன்.

ஒரு மழைக்காலம்தான் போனது. ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவர் உப்பியது. பூச்சோடு கடாவும் பெயர்ந்து விழுந்து நொறுங்கியது.

கமிட்டித் தலைவர் அவரை வரவழைத்து எல்லார் முன்னாலும் கேட்டார்: "ஏனுங்க, சொட்டு விட்டு விளையாடத்தான் தெரியுமா உமக்கு?"

நுரைக்காரர் தூம்பு ஓரம் போய், பூச்சு உதிர்ந்து வெளியே தெரிந்த பழைய ஒட்டில் நான் உடைத்த பள்ளத்தை விரலால் தடவினார். திரும்பி என்னைப் பார்த்தார். நான் செருப்பைப் பார்த்தேன்.

"நொண்டிக்கிட்டாவது நானே வந்து எடுத்திருக்கோணும். தப்பு என்னுதுதானுங்க" என்றார்.

அதற்குப் பிறகு அவரிடம் யாரும் கல்லைக் கொண்டுபோகவில்லை. மாடி அறையைக் காலி செய்துவிட்டு மகன் வீட்டோடு போய்விட்டார். தப்பு என்னுடையது என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷம் எனக்குக் கடைசிவரை வாய்க்கவில்லை. வாய்க்கவில்லை என்பதும் பொய். எனக்குத் துணிச்சல் இல்லை.

போன மாதம் அவர் காரியத்துக்குப் போனேன். மகன் அந்தப் பாட்டிலை என்னிடம் நீட்டினார். "அப்பா உங்ககிட்டக் குடுக்கச் சொன்னாருங்க. இனியாவது ஆழமாத் தோண்டச் சொல்லுன்னாரு."

அங்கிருந்து நேராக மண்டபத்துக்குப் போனேன். கடா இருந்த இடத்துக்குப் பக்கத்தில் சிமெண்டை உடைத்து, ரெண்டு விரற்கடை ஆழத்தில் பழைய காரையை எடுத்து ஒரு சொட்டு விட்டேன். புசுபுசுவென்று நுரைத்தது.

பூரித்திருக்கும் அந்த முகத்தைப் பார்க்க நிமிர்ந்தேன்.