கசடுத் தொட்டியில் ஒரு மாப்பிள்ளை

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலைக்குச் சேர்கிறவனுக்கு முதலில் மூக்கு செத்துப்போகும். அடுத்தது கல்யாண வாய்ப்பு. (மூக்கு போனதில் எனக்கு வருத்தமில்லை.)

விருதுநகர்ப் பக்கம் ஒரு நகராட்சியின் நிலையத்தில் நான் ஆபரேட்டர். ஊர்ச் சாக்கடை முழுக்க எங்களிடம் வரும். காற்றை ஊதி, கசடைப் படியவைத்து, தெளிந்த நீரை வெளியே விடுவோம். இதைச் சொன்னதுமே பெண் வீட்டாருக்கு ஜாதகம் பொருந்தாமல் போய்விடும். அதனால் ஆமத்தூர் வரன் வந்தபோது என் அக்கா, "தம்பி தண்ணி சுத்தம் பண்ற பிளான்ட்டுல இருக்கான்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். எந்தத் தண்ணீர் என்று அவர்களும் கேட்கவில்லை.

பெண்ணின் அப்பா பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். எதையும் நேரில் பார்த்தால்தான் நம்புவார். சாக்கடைக்கு ஞாயிறு லீவு கிடையாது என்பதால் நான் வேலையில் இருந்த ஒரு ஞாயிறன்று, மனைவியையும் மகள் செல்வியையும் கூட்டிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கிவிட்டார்.

செல்வியின் அம்மா, அதாவது என் வருங்கால அத்தை, கேட்டைத் தாண்டுவதற்குள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "என்ன தம்பி, இங்கனயா வேல பாக்கீக? இது என்ன தண்ணி?"

"குளிச்ச தண்ணி அத்தே... அப்புறம்..."

"அப்புறம்?" என்றாள் செல்வி.

"எல்லாந்தான்."

மறைக்க ஒன்றுமில்லை என்றானதும் எனக்கு வீரம் வந்துவிட்டது. நிலையம் முழுக்கச் சுற்றிக் காட்டினேன். தெளிந்த நீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து வெயிலில் தூக்கிக் காட்டினேன். மாமா தலையாட்டினார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அது நானா?

கடைசியாகக் கசடைக் காயப்போடும் தொட்டிகள். கசடு கோடைக் கண்மாய் மாதிரி பாளம் பாளமாகப் பிளந்து கிடந்தது. "பாருங்க மாமா, கடைசியில வெறும் மண்ணு. மேலயே நடக்கலாம்" என்று சொல்லிக் காலை வைத்தேன்.

நிஜமாகவே காய்ந்திருந்தது பக்கத்துத் தொட்டி. இது மேலே மட்டும் தோல் கட்டியிருந்தது. கால் முழங்கால்வரை இறங்கியது. சமாளிக்கக் கையை ஊன்றினேன், அது முழங்கைவரை இறங்கியது. பிறகு மிச்சமிருந்த நானும் இறங்கினேன்.

"ஆத்தீ!" என்றார் அத்தை. மாமா தோள் துண்டை வீசி, "பிடிங்க தம்பி!" என்று இழுத்தார். பாதியில் கை வழுக்கி மறுபடி உட்கார்ந்தேன். அடுத்த இழுப்புக்குத் துண்டின் அந்த முனையில் செல்வியும் கை கொடுத்தாள். (நாங்கள் கைகோத்த முதல் தருணம். இடையில் ஒரு துண்டு.)

கரையேறியதும் ஹோஸ் பைப்பை எடுத்தவளும் அவள்தான். "இது நீங்க சுத்தம் பண்ணுன தண்ணிதான?"

"ஆமா."

"அப்ப அசையாம நில்லுங்க."

சொட்டச் சொட்ட நின்றேன். கல்யாணம் அவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். மாமா தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கேன். இது வெடிக்குமா?"

"வெடிக்காது மாமா."

"தப்பாக் கால வச்சா இம்புட்டுத்தான் ஆகுமா?"

"இம்புட்டுத்தான்."

அவர் விட்ட பெருமூச்சு இன்னும் என் காதில் இருக்கிறது. பட்டாசுக் கம்பெனிப் பக்கம் ஒரு வெடிச்சத்தம் கேட்டாலும் அவர் வீடு திரும்பும்வரை அத்தை தெருவில்தான் நிற்பாராம். அதை நான் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்.

"எம்மக அப்பிடித் தெருவுல நிக்க வேண்டாம். அது போதும்" என்றார். "போய்க் குளிச்சிட்டு வாங்க, மாப்ள."

அதுவரை நான் தம்பி. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நல்லவேளை, முகம் ஏற்கெனவே நனைந்திருந்தது.

"சோப்புப் போட்டு" என்றாள் செல்வி.

இன்றைக்கும் வீட்டில் எனக்குக் கோபம் வந்து குரல் உயர்ந்தால், எங்கள் மகள் மிரண்டுபோய் அம்மாவைப் பார்ப்பாள். செல்வி அடுப்பை விட்டுத் திரும்பக்கூட மாட்டாள்.

"பயப்படாதட்டீ. ஒங்கப்பா முங்குவாரு. வெடிக்க மாட்டாரு."